ஊசின்னா ஏன் இந்தப் பயம்?

எங்கள் விஸ்வநத்தத்தில் அடம்பிடிக்கிற குழந்தையை அடக்க ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். "சும்மா இருக்கியா, நர்சம்மாவைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லவா?" குழந்தை கப்சிப்! அம்மாவுக்கு வெற்றிதான். புதன்கிழமை தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும்போது அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாக உள்ள இந்தப் பக்கத்தில் அந்தப் பயம் சின்ன விஷயமில்லை. தீக்காயம் பட்டால் ரணஜன்னி வராமலிருக்க ஊசி தேவைப்படலாம். ஊசிக்குப் பயந்து, கையில் பட்ட காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்த பையனை நான் பார்த்திருக்கிறேன்.

கைக்குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் ஒரே நாளில் மூன்று குத்து. இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலது கையில் ஒன்று. பெற்றவளுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் நல்ல மருந்து உங்களிடமே இருக்கிறது, சகோதரிகளே. குத்துவதற்குச் சற்று முன்பே குழந்தையை மடியில் அணைத்துப் பால் கொடுக்க ஆரம்பியுங்கள், குத்தும்போதும் குடிக்கட்டும். வலி குறையும் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-ல் சொல்லியிருக்கிறது. அதிகம் வலிக்கிற ஊசியைக் கடைசியில் போடவும் அது சொல்கிறது. நர்சம்மாவிடம் கேளுங்கள், தப்பில்லை.

'வேலைக்குப் போனால்தான் கூலி' என்று பிள்ளையைப் பாட்டியிடம் கொடுத்தனுப்புகிற மதினிமார் இங்கே அதிகம். குறை சொல்ல மாட்டேன். அந்த மூன்று தவணைக்காவது ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால், பாட்டி குழந்தையைப் படுக்கப்போட்டு அமுக்கிப் பிடிக்காமல், நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்தால் போதும்.

விவரம் தெரிந்த பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று புளுகாதீர்கள். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை மறுதடவை வாசலைத் தாண்டாது! "சுருக்குன்னு இருக்கும், அம்மா மடியிலதான் இருப்பே" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து வயதில் போடும் ஊசிக்கு ஒரு காகிதக் காற்றாடி கொண்டு போங்கள். அதை ஊதுகிற மும்முரத்தில் கை தானாகத் தளரும். விறைத்த கையில்தான் வலி அதிகம். அழுதால் அழட்டும், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்க வேண்டாம்.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். வீங்கினால் ஈரத்துணி ஒற்றலாம். காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம்; காய்ச்சல் வந்தால் நர்சம்மா சொன்ன அளவு மட்டும். காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதையும் குத்திய இடத்தில் அப்பாதீர்கள். தேய்க்கவும் வேண்டாம். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி சில வாரம் கழித்துக் கொப்புளமாகி உடையும். அது அப்படித்தான், கிள்ளாமல் விட்டால் தானே ஆறித் தழும்பாகும்.