சிக்னல் இல்லாத நாளில் பக்கத்து ஆள் போன்

2018 நவம்பர், கஜா அடிச்ச வாரம். டெல்டால ஒரு அரசு மருத்துவமனைல டூட்டி. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நிறைமாச கர்ப்பிணி ஒருத்தரை தஞ்சாவூர் அனுப்பணும், முன்கூட்டியே சொல்ல வழியில்லை. ரெஃபரல் சீட்டோட, முந்தின நாள் அனுப்பின நோயாளி எப்படி இருக்கார்னு கேட்டு ஒரு கவரையும் 108 டிரைவர் அண்ணன்கிட்ட கொடுத்தேன். சாயங்காலம் பதிலும் அவர் கையிலயே வந்துச்சு.

இந்த வேலையை போன்களும் செய்யும்ங்க. டவரே வேண்டாம். புளூடூத் எட்டுற தூரத்துல ரெண்டு போன் வந்தா, ஒண்ணு தன்கிட்ட இருக்கிற செய்தியை இன்னொண்ணுக்குக் கொடுக்கும். அது சுமந்துட்டுப் போய் அடுத்ததுக்குக் கொடுக்கும். இப்படியே சிக்னல் இருக்கிற ஊர் வரைக்கும். 2000ல டியூக் பல்கலைக்கழகத்தின் வாதத்தும் பெக்கரும் எழுதின முறைக்குப் பேரே 'எபிடெமிக் ரூட்டிங்'. எதிர்ப்படுற எல்லாருக்கும் ஒரு பிரதி, தொற்றுநோய் மாதிரி. (எங்க துறை வார்த்தை ஒண்ணு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டிருக்கு!)

ஆனா நடுவுல சுமக்கிற போன் யாரோ ஒருத்தருடையது. பிரிச்சுப் படிச்சா? மாத்தி எழுதினா? அதுக்கு மருந்து இருக்கு. செய்தியைப் பூட்டி, அனுப்புறவர் டிஜிட்டல் கையெழுத்தோட அனுப்பணும். அந்தப் பூட்டு சரியா இருக்கணும், அவ்வளவுதான். 2019 ஹாங்காங் போராட்டத்துல பயன்பட்ட பிரிட்ஜ்ஃபை ஆப்ல செய்தியைப் படிக்கலாம், ஆள்மாறாட்டம்கூட பண்ணலாம்னு லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020ல காட்டினாங்க.

எனக்குப் பெரிய கவலை வேற. 'கொடுத்துடறேன்'னு வாங்கி பாக்கெட்லயே வச்சுக்கிற ஆள் மாதிரி, செய்தியை வாங்கிட்டு அப்படியே அழிச்சுடுற போன். இதைப் பிடிக்க ஒவ்வொரு போனுக்கும் நம்பிக்கை மதிப்பெண் போடுவாங்க. ஒழுங்கா கடத்தினா ஏறும், கடத்தலைன்னா இறங்கும். மார்க் குறைஞ்ச போனோட செய்தியை மத்த போன்கள் கடைசியாத்தான் எடுக்கும், இல்லைன்னா எடுக்கவே எடுக்காது.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மார்க் குறையறது ஒரு அறிகுறி, நோய் இல்லை. பேட்டரி 4 சதவீதத்துல இருக்கிறவர் எதைச் சுமப்பார்? ஊர்க் கடைசி வீட்டுல தனியா இருக்கிற பாட்டியோட போன் ஒரு நாளைக்கு எத்தனை போனைச் சந்திக்கும்? கடத்த அதுக்கு வாய்ப்பே கிடைக்கலை. சுயநலம்னு முத்திரை குத்தி அவங்க செய்தியைப் பின்னுக்குத் தள்ளினா, உதவி அதிகம் தேவைப்படுறவங்கதான் முதல்ல அறுந்து போவாங்க. எமர்ஜென்சி வார்டுல 'போன வருஷம் ரத்த தானம் பண்ணீங்களா'ன்னு கேட்டுட்டா ஊசி போடுறோம்?

அதனால மார்க்கெல்லாம் சாதாரண அரட்டைக்கு இருக்கட்டும். அவசரச் செய்திக்கு மட்டும் மார்க் பார்க்கக் கூடாது. ஒரே ஆள் நூறு அவசரச் செய்தி அனுப்பி வழியை அடைக்காம இருக்க, ஒரு போனுக்கு இத்தனைதான்னு எண்ணிக்கை வச்சுக்கலாம்.

இன்னொண்ணு, இதைத் தனி ஆப்பா விடாதீங்க. புயலுக்கு அப்புறம் டவுன்லோடு பண்ண நெட் ஏது? வாங்கும்போதே போன்ல இருக்கணும். டவர் போனா தானா முழிக்கணும், பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழ போனா சுமக்கிற வேலையைத் தானா நிறுத்திக்கணும்.