அகராதியில் அடங்காத சொற்கள்



தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க நாளிதழ்களைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. செய்தியை வெட்டி ஒட்டுதல், அருஞ்சொற்களுக்கு அடிக்கோடிடுதல், அகராதியில் தமிழ்ப்பொருள் கண்டு எழுதுதல், மறுநாள் ஒப்புவித்தல் என்று அப்பயிற்சி நடைபெறும். நல்ல பயிற்சிதான். ஆயினும், போர்க்காலச் சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய செய்திகளுக்கு இம்முறை போதாது என்பது என் கருத்து. அத்தகைய செய்திகளில் ஒரு தரப்பு விரும்பும் சொல்லை மறுதரப்பு ஏற்பதில்லை. அகராதி சொல்லின் பொருளைத் தரும். அச்சொல்லின்மேல் எழுந்த பூசலைத் தராது.

இதற்கான சான்றைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாள்கள், கெடா மாநிலத்துப் பாலிங் நகரில், ஓர் ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்திலேயே அப்படியொரு பேச்சுவார்த்தை நடைபெற்றது. ஒருபுறம் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரின் டேவிட் மார்ஷல், டான் செங் லோக். மறுபுறம் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் சின் பெங், சென் தியென், ரஷிட் மைடின். இவர்களுள் சின் பெங் பிறந்தது நம் பேராக் மாநிலத்துச் சித்தியவானில். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பேராக் ஆற்றைக் கடந்து சென்றால் எட்டிவிடும் ஊர்.

அங்கே முட்டுக்கட்டையாக நின்ற சொற்களுள் முதன்மையானது 'சரண்டர்'. காட்டிலிருந்தவர்கள் சரணடைய வேண்டும் என்றது அரசு. ஆயுதத்தைக் கீழே வைப்பது பற்றிப் பேசலாம், ஆனால் சரணடைதல் என்ற இழிவை ஏற்க இயலாது என்றார் சின் பெங். கட்சிக்கு அங்கீகாரம், வெளியே வருவோரைத் தடுத்து வைத்து விசாரித்தல் ஆகிய சிக்கல்களும் இருந்தன. ஒரு சொல்லால் மட்டுமே பேச்சு முறிந்தது என்று நான் கூற மாட்டேன். ஆனால் எல்லாச் சிக்கல்களும் அந்தச் சொல்லில் வந்து குவிந்தன. பேச்சு தோற்றது. 34 ஆண்டுகளுக்குப் பின், 1989 டிசம்பர் 2ஆம் நாள், தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஆயுதப் பிரிவுகளைக் கலைத்துவிடுவதாகவும் ஆயுதங்களை அழித்துவிடுவதாகவும் கட்சி ஒப்புக்கொண்டது. 'சரண்டர்' போய் 'டிஸ்பேண்ட்' வந்தது.

இப்போது நம் மாணவனின் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 'சரண்டர்' என்றால் சரணடைதல் என்று எழுதி வைத்திருப்பான். தமிழ்ப்பிள்ளைக்குச் சரணம் என்பது கோயிலில் கேட்டுப் பழகிய சொல். இறைவனிடம் சரணடைவதில் இழிவில்லை, அது பேறு. போர்க்களத்தில் அதே சொல் தலைகுனிவு. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லாத வரையில், ஏன் ஒருவர் அச்சொல்லை ஏற்க மறுத்துக் காட்டுக்கே திரும்பினார் என்பது அவனுக்கு விளங்காது.

அந்தக் காலத்திற்குச் சூட்டப்பட்ட பெயரும் ஒரு பாடமே. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதையடுத்து அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை 31 வரை நீடித்ததை அரசு போர் என்று அழைக்கவில்லை. 'எமர்ஜென்சி' என்றே அழைத்தது. நம் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்ததற்கு 'ரீகுரூப்மெண்ட்' என்று பெயர். வேலிக்குள் வாழ்ந்த பாட்டன் பாட்டிகள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு வரட்டும். அதுவும் சொல்வளமே.

நம் இன மக்களைப் பாதித்த இன்னொரு சான்று இலங்கை. 2002 பிப்ரவரியில் நார்வே நாட்டின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பின் அடிப்படையில் ஒரு தீர்வை ஆராய இரு தரப்பும் இணங்கின. அந்த வரியில் 'யுனைடெட்' என்ற சொல் இருந்தது. இலங்கை அரசியலமைப்பிலோ 'யூனிட்டரி' என்ற சொல் இருக்கிறது. செவிக்கு இரண்டும் உடன்பிறப்புகள் போல் ஒலிக்கின்றன. முன்னது ஐக்கியம், பின்னது ஒற்றையாட்சி. அதிகாரத்தைப் பகிர்வதா, மையத்திலேயே வைத்துக்கொள்வதா என்னும் பெருங்கேள்வி அவ்விரு சொற்களுக்கும் இடையில் கிடக்கிறது. 'எக்ஸ்புளோர்' என்ற சொல்லும் அப்படியே: ஆராய இணங்குவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்த உடன்பாட்டிலிருந்து விலகியது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது நேர்ந்த உயிரிழப்பை நாம் அறிவோம்.

ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்குப் போர்ச் செய்தி எதற்கு என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் செய்தி நம் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளைகளின் கைப்பேசிக்கே வந்து விடுகிறது. காஸா போரில் 2023ஆம் ஆண்டில் 'சீஸ்ஃபயர்' வேண்டும் என்று ஒரு சாராரும் 'பாஸ்' போதும் என்று இன்னொரு சாராரும் வாதிட்டதை அவர்களும் கேட்டார்கள். நிறுத்தம் வேறு, இடைநிறுத்தம் வேறு. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் போர்நிறுத்தத்திற்கு இணங்கியது நம் புத்ராஜெயாவில்தான். அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தான ஆவணத்தை அமெரிக்க அதிபர் சமாதான ஒப்பந்தம் என்றார்; தாய்லாந்து அதைக் கூட்டறிக்கை என்று அழைக்கவே விரும்பியது. டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டது. பிணங்களின் படங்கள் வகுப்பறைக்கு வேண்டாம், சொற்கள் வரட்டும்.

ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மூன்று கேள்விகள் போதும். இச்சொல்லை யார் சொன்னார்? எதிர்த்தரப்பு இதற்குப் பதிலாக எந்தச் சொல்லை விரும்பும்? இரண்டையும் தமிழில் எப்படி வேறுபடுத்திச் சொல்வாய்? மூன்றாம் கேள்விக்கு விடை தேடும்போது தமிழும் வளரும். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. நாளொன்றுக்குப் பத்துச் சொல் மனனம் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி இப்போது இல்லை. வாரத்திற்கு இரண்டு சொற்களை ஆழ்ந்து படிக்கலாம்.

இது ஆங்கிலப் பாடத்திற்காக மட்டும் சொல்லப்படுவதன்று. தோட்டங்கள் கைமாறியபோது நம் மக்களுக்கு நீட்டப்பட்ட தாள்களில் இருந்தவையும் பேச்சுவார்த்தைச் சொற்களே. 'எக்ஸ் கிரேஷியா' என்றால் முதலாளி மனமிரங்கித் தரும் கருணைத் தொகை. பணிநீக்கப் பலன் என்பது 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி தொழிலாளி கேட்டுப் பெறும் உரிமை. பணம் ஒன்றாகத் தோன்றலாம். ஒன்றை வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும், மற்றொன்றை வாங்குபவர் கணக்குக் கேட்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் கைந்நாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

நாளை அவர்கள் முன்னும் ஒரு தாள் நீட்டப்படும். கையெழுத்திடும் முன், இந்தச் சொல் யாருடையது என்று கேட்கும் துணிவை இன்றே அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்.