உடற்பயிற்சிக்கு உகந்த வேளை எது?

பெரம்பூர் உழைப்பாளர்களின் ஊர். 1955 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையும், அதனினும் பழைய இரயில்வே பணிமனைகளும் இங்குள்ள பல குடும்பங்களின் பொழுதை வகுக்கின்றன. ஆகவே, "உடற்பயிற்சிக்கு நேரம் ஏது?" என்ற வினா எழுவது இயல்பே.

விடை நம் கைவசமே உள்ளது. ஷிப்டு மாறலாம், வைகறை மாறுவதில்லை. சென்னையில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மீண்டும் பாயைத் தேடாது, வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் விரைந்து நடப்பீர்களாக! வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 150 நிமிடம் நிறைவாகும்.

இரவுப் பணியாளர்க்கு இது பொருந்தாது. இரவெல்லாம் விழித்து வணங்கிய அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்கே அவ்வரம்பு எனில், உறக்கத்தைப் பறித்துச் செய்யும் பயிற்சி எம்மாத்திரம்? அத்தகையோர் உறங்கி எழுந்து, அஸருக்குப் பின் நடக்கட்டும்.

வீட்டு வேலையே போதுமெனப் பெண்மணிகளை ஒதுக்குவதும் முறையன்று. அவர்கள் நடந்துவரும் வரை பிள்ளைகளை ஆண்கள் கவனிக்கலாகாதா?

சிறிதாயினும் இடைவிடாது செய்யும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது. உங்களால் நாளும் காக்க இயன்ற வேளையே உகந்த வேளை!