பால்கனியில் தொங்கும் சாட்சி

சென்ற வாரம் காலை நிகழ்ச்சிக்கு ஓர் அம்மா அழைத்தார். “தம்பி, எங்கள் அடுக்குமாடி வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. மகனுக்கு ஆஸ்துமா. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு தினமும் ‘மிதம்’ என்கிறது. அது எங்கள் வீட்டுக் காற்றையா சொல்கிறது?”

நியாயமான கேள்வி. அந்த எண், கண்காணிப்பு நிலையம் இருக்கும் இடத்தில் அளந்தது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடோ சாலையிலிருந்து விலக விலகக் குறைந்துவிடும். சாலையோர வீட்டின் நிலை நிலையத்துக்குத் தெரியாமலே போகலாம்.

வீட்டு வாசலிலேயே அளக்க எளிய வழி உண்டு. சுமார் 7 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். மேல்முனை மூடிக்குள் ட்ரை எத்தனோலமைன் பூசிய கம்பி வலை, கீழ்முனை திறந்திருக்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மூலையில் வைத்த மல்லிகையின் வாசம் அறையெங்கும் பரவுவதுபோல், வாயு தானாகவே குழாய்க்குள் பரவி வலையில் சிக்கிக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு வாரம் தொங்கவிட்டு, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சிக்கிய அளவையும் தொங்கிய நேரத்தையும் வைத்துச் சராசரியைக் கணக்கிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, திறக்காத குழாய் ஒன்றும் கூடவே போகும்.

1976இல் அமெரிக்காவின் பால்ம்ஸ் குழுவினர், தொழிலாளர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளத்தான் இதை உருவாக்கினார்கள். இன்று பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் இதைச் சாலையோரக் கம்பங்களில் கட்டி வைக்கின்றன.

குறையும் உண்டு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அப்படித் திடீரென வரும் ஆபத்தை இந்தக் குழாய் எச்சரிக்காது. அதற்கு உடனுக்குடன் அளக்கும் கருவி வேண்டும்.

ஆனால் ஆண்டு முழுதும் பிள்ளை சுவாசிக்கும் காற்றுக்குச் சராசரிதான் முக்கியம். உலகச் சுகாதார நிறுவனமே இந்த வாயுவின் ஆண்டுச் சராசரி வரம்பை 2021இல் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10க்குக் குறைத்துவிட்டது.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: “மகனின் மருந்தை நிறுத்தாதீர்கள். குடியிருப்பு நிர்வாகக் குழுவிடம் பேசி, சாலைப் பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு குழாய் தொங்கவிடச் சொல்லுங்கள். கையில் எண் இருந்தால், ‘அது உங்கள் மனப்பிரமை’ என்று யாரும் சொல்ல முடியாது.”

அரை நிமிடம் வாய் மூடினாலே என் வேலைக்கு ஆபத்து. இந்தக் குழாயோ ஒரு மாதம் பேசாமல் தொங்கியே உண்மையைச் சொல்லிவிடுகிறது!