9 ஆயிரம் சுற்று எதற்கு?

"என்ஜினின் சக்தியைக் கூட்டிக் கொடுங்கள்" என்று பட்டறைக்குப் போகும் இளைஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சேர்த்து வைத்த பணம் முழுவதையும் கொட்டுகிறார்கள். கார் வீட்டுக்கு வருகிறது. சிக்னலில் நின்றால் குலுங்குகிறது. மெதுவாகப் போனால் திணறுகிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக்கூட அது லாயக்கு இல்லை!

ஏன் இப்படி?

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்க "டர்போ" என்ற கருவி உண்டு. அது இல்லாத என்ஜின், தானாகக் காற்றை இழுக்க வேண்டும். அதனால் ஒரு வெடிப்பில் கிடைக்கும் சக்திக்கு ஓர் அளவு இருக்கிறது. சக்தி இன்னும் வேண்டுமா? வெடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதாவது, என்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும்.

அந்த வேகத்தில் காற்று உள்ளே போக நேரம் போதாது. ஆகவே, வால்வு அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். வால்வைத் திறப்பது "கேம்" என்ற முட்டை வடிவ மேடு. அந்த மேட்டைப் பெரிதாக்கினால் வேகத்தில் சக்தி கூடும். ஆனால் மெதுவாக ஓடும்போது, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். குலுக்கலும் திணறலும் அதனால்தான்.

இரண்டு மேடு

ஜப்பானின் ஹோண்டா கம்பெனி 1989-ம் ஆண்டில் இதற்கு வழி கண்டது. மெதுவான ஓட்டத்துக்கு ஒரு மேடு. வேகத்துக்கு வேறு மேடு. எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு சிறு ஆணி நகர்ந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடும். இதன் பெயர் "விடெக்". இன்டெக்ரா காரில் இருந்த 1.6 லிட்டர் என்ஜின் 160 குதிரை சக்தி கொடுத்தது. லிட்டருக்கு 100!

1999-ல் "எஸ் 2000" என்ற கார் வந்தது. 2 லிட்டர் என்ஜின். ஜப்பானில் விற்ற காருக்கு 250 குதிரை சக்தி. நிமிடத்துக்கு 9 ஆயிரம் சுற்று வரை போகும். முழு சக்தியும் கிடைப்பது 8,300 சுற்றில். அப்போது நிமிடத்துக்கு 16,600 வெடிப்பு! கெட்டிக்காரத்தனம்தான். சந்தேகம் இல்லை.

ஆனால் கடைத்தெருவில் 8,300 சுற்றில் யார் ஓட்டுவது? அங்கே 2 ஆயிரம், 3 ஆயிரம்தான். அந்த அளவில் அது சாதாரண 2 லிட்டர் கார்தான். "கீழே இழுவை போதவில்லை" என்ற குறை எழுந்தது.

கடைசியில் ஹோண்டாவே இறங்கி வந்தது. அமெரிக்காவில் விற்ற 2004-ம் ஆண்டு மாடலில், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை 84 மில்லி மீட்டரில் இருந்து 90.7 ஆக நீட்டியது. என்ஜின் 2.2 லிட்டர் ஆனது. சுற்றின் உச்சவரம்பு சுமார் 8 ஆயிரமாகக் குறைந்தது. அங்கே இருந்த 240 குதிரை சக்தி அப்படியே இருந்தது. இழுவை கூடியது. 2005-ல் ஜப்பானிலும் இந்த என்ஜின் வந்தது. அங்கே 250 என்பது 242 ஆனது. 8 குதிரை போனால் போகட்டும்! ஓட்டுகிறவருக்கு லாபம்தானே?

வீதியில் ஓட்டும் காருக்கு இதுவே சரியான வழி. "எத்தனை குதிரை சக்தி?" என்று மெக்கானிக்கிடம் கேட்பதற்கு முன்பு, "2 ஆயிரம் சுற்றில் எப்படி இழுக்கும்?" என்று கேட்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்பு, பக்கத்து பங்கில் என்ன பெட்ரோல் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோலை ஊற்றினால், அது கண்டபடி வெடிக்கும். என்ஜினில் "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால், பிஸ்டனே ஓட்டை விழுந்து போகும்.