உள்ளே வந்தவர் உரிமையாளராவதைத் தடுப்பது யார்?

2023 டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவையில் நடந்ததை நாடு மறந்திருக்காது. அனுமதிச் சீட்டுடன் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த இருவர், அவை நடந்துகொண்டிருந்தபோதே கீழே குதித்து மஞ்சள் நிறப் புகையைப் பரவவிட்டனர். அவர்கள் மதில் ஏறி வந்தவர்கள் அல்லர். வாயில் வழியே சீட்டைக் காட்டி வந்தவர்கள். புகைக்குப்பிகளை வாயிலில் கண்டுபிடிக்கத் தவறியது ஒரு குறை. மாடத்தில் உட்கார மட்டுமே உரிமை பெற்றவர், உறுப்பினர்களின் இருக்கைகளுக்கு நடுவே இறங்கிவிட முடிந்தது அதனினும் பெரிய குறை.

அரசு அலுவலகக் கணினிகளிலும் இதே வகை ஆபத்து இருக்கிறது. ஒரு கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் அதில் ஒரே அதிகாரம் கிடையாது. கோப்பைத் திறக்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் உரிமை பெற்ற சாதாரணப் பயனர் ஒரு வகை. எந்த மென்பொருளையும் நிறுவவும் நீக்கவும், பிறரின் கோப்புகளைப் படிக்கவும், கடவுச்சொற்களை மாற்றவும் அதிகாரம் பெற்ற நிர்வாகி மற்றொரு வகை. இயங்குதளத்தில் மறைந்திருக்கும் ஏதோ ஒரு பிழையைப் பயன்படுத்தி, முதல் வகையைச் சேர்ந்தவர் இரண்டாம் வகைக்குத் தாவுவதையே கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் 'உரிமை உயர்வு' என்கின்றனர்.

தனித்துப் பார்த்தால் இது சிறிய குறைபாடாகவே தோன்றும். இதைப் பயன்படுத்த ஒருவர் ஏற்கெனவே அந்தக் கணினிக்குள் இருந்தாக வேண்டும். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தப் பட்டியலில் இத்தகைய குறைபாடுகள் பெரும்பாலும் முதல் தரத்தில் இடம்பெறாமல், 'முக்கியமானவை' என்ற இரண்டாம் தரத்தில் வைக்கப்படுகின்றன. இரண்டாம் தரம் என்றதும், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் அலுவலகங்களில் பிறந்துவிடுகிறது.

ஆனால், உள்ளே இருப்பது அவ்வளவு கடினமல்ல. போலி மின்னஞ்சலுடன் வந்த கோப்பை ஓர் எழுத்தர் திறந்துவிட்டால் போதும். அந்த எழுத்தரின் உரிமைகளோடு திருடர் உள்ளே வந்துவிடுகிறார். அந்த நிலையில் அவரால் செய்யக்கூடிய தீங்கு, பெரும்பாலும் எழுத்தருக்கு எட்டிய கோப்புகளோடு நின்றுவிடும். நிர்வாகியாக உயர்ந்துவிட்டாலோ வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கலாம், பிற கணினிகளுக்கான கடவுச்சொற்களைத் திரட்டலாம், தான் வந்துபோன தடயத்தையும் அழிக்கலாம். சிறு திருட்டைப் பேரழிவாக மாற்றும் படிக்கட்டு இதுதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. விண்டோஸ் இயங்குதளத்தின் பதிவுக்கோப்பு அமைப்பில் இருந்த ஒரு குறைபாட்டை 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அதற்கு முன்னரே அந்தக் குறைபாட்டைப் பயன்படுத்திப் பல நாடுகளில் நிறுவனங்களைத் தாக்கியிருந்ததை அந்நிறுவனமே அறிவித்தது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்து, ஈரானின் அணு எரிபொருள் செறிவூட்டு நிலையத்தைக் குறிவைத்ததாகக் கருதப்படும் 'ஸ்டக்ஸ்நெட்' நச்சுநிரலும் இத்தகைய உரிமை உயர்வுப் பிழைகளைக் கையாண்டது.

வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளைக் கைவிட்டால் சிக்கல் தீரும் என்று கருதுவோரும் உண்டு. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகக் கணினிகள் மாறவிருப்பதாக 2023-இல் செய்தி வெளியானபோது, தலைநகரில் அந்த எண்ணமே மேலோங்கியிருந்தது. முயற்சி பாராட்டத்தக்கது, நம்பிக்கைதான் அளவு மீறியது. லினக்ஸ் இயங்குதளங்களில் பரவலாக உள்ள 'பிகேஎக்ஸெக்' என்ற சிறிய நிரலில் 2009 முதல் இருந்துவந்த பிழை, 2022 ஜனவரியில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என எல்லாவற்றிலும் சாதாரணப் பயனர் ஒருவர் அதன் மூலம் முழு அதிகாரம் பெற முடிந்தது. 'சுடோ' என்ற நிரலில் 2011-இல் நுழைந்த பிழை 2021 ஜனவரியில் வெளிப்பட்டது. அதே நிரலில் மற்றொரு பெரிய குறைபாடு 2025 ஜூன் மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது. மூலநிரல் திறந்து கிடந்தும் பத்தாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படாத பிழைகள் உண்டு என்பதே இவை தரும் பாடம். சுதேசி என்ற முத்திரை காவல் காக்காது. பிழை தெரிந்த பிறகு எத்தனை நாளில் அதை அடைக்கிறோம் என்பதே காவல்.

என்ன செய்ய வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. தேசிய தகவலியல் மையம் 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், அன்றாடப் பணிகளுக்குச் சாதாரணப் பயனர் கணக்கையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. நிர்வாகி உரிமையைத் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரியின் ஒப்புதலோடு மட்டுமே தரலாம் என்றும், காலாவதியான இயங்குதளங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. மறு ஆண்டே 'செர்ட்-இன்' எனப்படும் கணினி அவசரநிலைக் குழுவும் அரசு அமைப்புகளுக்கென விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. விதிக்குப் பஞ்சமில்லை. அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

நடைமுறைத் தடைகளையும் மறுப்பதற்கில்லை. பழைய கணக்கியல் மென்பொருள்கள் பலவும் நிர்வாகி உரிமை இருந்தால்தான் இயங்கும். ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பப் பணியாளரைத் தேடிப் போவதைவிட எல்லோருக்கும் அந்த உரிமையைத் தந்துவிடுவது எளிது. திருத்தத்தை நிறுவினால் வேலை நின்றுவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. 2024 ஜூலை 19-ஆம் தேதி 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. ஆனால், அந்த நிகழ்ச்சி புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதற்கான வாதமாகாது. முதலில் சில கணினிகளில் சோதித்து, பின்னர் கட்டம் கட்டமாக விரிவுபடுத்த வேண்டும் என்பதே அது உணர்த்தும் பாடம். கணினியின் மிக உயர்ந்த உரிமையோடு இயங்கிய மென்பொருள் என்பதால்தான் அன்று ஒரே பிழை முழுக் கணினியையும் வீழ்த்தியது என்பதும் கவனிக்கத்தக்கது.

அலட்சியத்தின் விலையை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. நோயாளிகளின் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை பல நாள்கள் கையெழுத்தில் நடந்தன. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும், வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் பின்னர் மாநிலங்களவையில் அமைச்சர் எழுத்து மூலம் தெரிவித்தார். வலையமைப்பைப் பிரிப்பது ஒரு சுவர் என்றால், உரிமைகளைப் பிரிப்பது மற்றொரு சுவர். முதல் சுவரே இல்லாத இடத்தில் இரண்டாவது சுவர் எப்படி இருந்தது என்று கேட்கும் கடமை அவைக்கு உண்டு.

கூடங்குளத்தில் 2019-இல் நடந்தது வேறு வகை. நச்சுநிரல் புகுந்தது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில். உலையை இயக்கும் அமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் கூறியது. பிரிவினைச் சுவரின் அருமைக்கு அது சான்று. ஆனால், செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் எச்சரித்திருந்த செய்தி, அக்டோபர் இறுதியில் விவரங்கள் கசிந்து, முதலில் மறுக்கப்பட்டு, மறுநாள் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே மக்களுக்குத் தெரிந்தது.

இந்த மூடுமந்திரம் அதன் பின்னர் குறையவில்லை. கணினி ஊடுருவல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் எல்லோருக்கும் ஆணையிட்ட செர்ட்-இன் அமைப்பே, 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டது. தரவைக் காக்கத் தவறும் தனியார் நிறுவனத்துக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க வழிசெய்யும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசிடமே தந்திருக்கிறது. ஆக, குடிமக்களுக்கு எஞ்சியிருக்கும் வழி நாடாளுமன்றம் ஒன்றே.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒவ்வோர் அமைச்சகத்திலும், ஆதரவு முடிந்துபோன இயங்குதளத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில் இது அவசரமான கேள்வி. அன்றாடப் பணியை நிர்வாகி உரிமையோடு செய்யும் ஊழியர்கள் எத்தனை சதவீதம்? ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியான நாளிலிருந்து கடைசிக் கணினியில் அது நிறுவப்படும் வரை ஆகும் நாள்கள் எத்தனை?

இவற்றை வெளியிட்டால் எதிரிக்குத் துப்புக் கொடுத்ததாகும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். எந்தக் கணினியில் எந்த ஓட்டை என்று எவரும் கேட்கவில்லை. அமைச்சக வாரியான மொத்தக் கணக்கு திருடருக்கு உதவாது. அதையும் வெளியிடத் தயக்கமென்றால், தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. அதன் அமர்வுகள் மூடிய கதவுகளுக்குள்தான் நடக்கின்றன. அமெரிக்கா 2021 நவம்பரில் பிறப்பித்த ஆணையின்படி, தாக்குதலில் பயன்படுவதாக உறுதியான குறைபாடுகளின் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. புதிய குறைபாடுகளை அந்நாட்டின் மத்திய அரசுத் துறைகள் பொதுவாக இரு வாரங்களுக்குள் சரிசெய்தாக வேண்டும். அங்கே வெளியிடக்கூடிய கெடு, இங்கே மட்டும் ராணுவ ரகசியமாகிவிடாது.

ஆதார் முதல் ஓய்வூதியம் வரை, நிலப் பதிவேடு முதல் நோய்க் குறிப்பு வரை, குடிமகனின் வாழ்க்கை அரசின் கணினிகளில் சேர்க்கப்பட்டுவிட்டது. அவன் விரும்பித் தந்ததைவிட, வேறு வழியின்றித் தந்ததே அதிகம். அதைப் பெற்றுக்கொண்ட அரசு, வாயிலில் காவலரை நிறுத்திவிட்டேன் என்று சொல்லி ஒதுங்க முடியாது. அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்திலாவது இந்த மூன்று கணக்குகளும் அவையின் முன் வைக்கப்பட வேண்டும். கணக்கு இல்லையென்பதே பதிலானால், குடிமக்கள் அறிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.