பதில் அனுப்ப முடியாத அறிவுரை

"இன்று 30 நிமிடம் நடந்தீர்களா?" "எண்ணெய், சர்க்கரையைக் குறையுங்கள்." உடல் எடையைக் குறைக்கச் சொல்லி கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் மெசேஜ்கள் இப்படித்தான் இருக்கும். யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்து இவற்றை எழுதுகிறார்கள்?

மெசேஜால் பயனே இல்லை என்று நான் வாதாடவில்லை. தென்னிந்தியாவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 500க்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு, 2013இல் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. தொடர்ந்து மெசேஜ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. நல்ல பலன்தான். ஆனால் அதில் பங்கேற்ற அனைவரும் ஆண்கள், வேலையில் இருந்தவர்கள். ஆய்வின் தொடக்கத்தில் எல்லோருக்கும் நேரில் ஆலோசனையும் கிடைத்தது. 2016இல் மத்திய அரசு, மிஸ்டு கால் கொடுத்தால் மெசேஜ் அனுப்பும் எம்-டயாபெட்டிஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மிஸ்டு கால் போதும், ஆளே தேவையில்லை!

இப்போது கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வாருங்கள். சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் இன்னும் நகரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். நாள் முழுக்க நாலு வீட்டில் குனிந்து பெருக்கிவிட்டு வரும் அக்காவிடம் "உடலுழைப்பு தேவை" என்கிறது போன். அந்தப் போனும் பல வீடுகளில் மகன் கையில்தான் இருக்கிறது. "இருட்டில் எங்கே நடப்பது? முட்டி வலிக்கு என்ன செய்வது?" என்று அவர் திருப்பிக் கேட்க வழியில்லை.

எண்ணெய்க்கு வருவோம். ரேஷனில் அரிசி இலவசம், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். இந்த அரிசிதான் நம் வீடுகளில் பட்டினியை விரட்டியது. அதில் கை வைக்க யாரையும் விடக்கூடாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளுக்கு வரும்? அரிசியும் பாமாயிலும் தட்டை நிரப்புகின்றன. பிறகு "தட்டில் பாதி காய்கறி வையுங்கள்" என்று அறிவுரை வருகிறது. நமக்குக் கட்டுப்படியாகும் புரதமான மாட்டுக்கறியை ஒரு மெசேஜாவது பரிந்துரைக்குமா?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு உடல் எடை அதிகம். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. கூடுதல் எடையும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் சேர்ந்து இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். இது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வந்ததல்ல. சத்தில்லாத தட்டும் ஓய்வில்லாத உழைப்பும் சேர்ந்து கொடுத்தது. அதைத் தனிமனிதரின் சோம்பேறித்தனமாக்குவது, அழுக்கில் தள்ளிவிட்டு 'சுத்தமில்லாதவர்கள்' என்று நம்மைச் சொன்ன அதே பழைய தந்திரம்.

பொது சுகாதாரமும் சமூகப்பணியும் படிக்கும் தோழர்களே, இப்படி ஒரு திட்டம் உங்கள் முன் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எழுதும்போது எங்கள் பெண்கள் உடன் இருந்தார்களா? திருப்பிப் பேச ஒரு மனிதர் இருக்கிறாரா? படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் வருமா? மெசேஜுடன் ரேஷனில் கூடுதல் பருப்பும் முட்டையும், தெருவில் விளக்கும் வருமா?

இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்துக்கு நம் தெருவில் ஆள் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஜெய்பீம்!